மஞ்சள் துணியில் வந்த சுருட்டு

கோட்டைப்பட்டினம்
18-11-1957

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை உண்ணாமலை எழுதிக்கொண்டது.

நானும் ராசாத்தியும் சுகம். நீங்களும் மதினியும் சுகமா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? சோடாக் கடையில் மழைக்காலத்திலும் வியாபாரம் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதவும்.

அவரைப் பற்றிச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சீக்கு என்றும் சொல்ல முடியாது. காலையில் குளிக்கிறார், பள்ளிக்கூடம் போகிறார், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார், திரும்பி வருகிறார். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் ஒரு சொல் கிடையாது. சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை நகர்த்தித்தான் சொல்கிறார். புயலில் செவந்தி போய் இந்தக் கார்த்திகையோடு இரண்டு வருஷம். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றவர் அவர்தான். கை எப்படி நழுவியது என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ராசாத்திக்கு ஆறு வயதாகிவிட்டது. "அப்பாவுக்கு வீட்டுல மட்டும் வாய் பேச வராதா ஆத்தா?" என்று கேட்கிறாள்.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு வைப்பதாக வேண்டிக்கொண்டேன். பூசையில் வைத்துக் கொடுக்கும் சுருட்டை இவர் வாயில் வைத்தால் பேச்சு வரும் என்று மனசில் பட்டது. இவர் புகையிலை தொட்டவரில்லை, காப்பிகூடக் குடிப்பதில்லை. ஆனாலும் சாமி பிரசாதத்தை மறுக்க மாட்டார். நீங்கள் மலையடியிலேயே இருக்கிறீர்கள். கார்த்திகையன்று மலையேறி வாங்கி அனுப்புங்கள். ஆள் விட்டு வேண்டாம் அண்ணா, நீங்களே ஏறுங்கள்.

மதினியை விசாரித்ததாகச் சொல்லவும்.
உண்ணாமலை


விராலிமலை
10-12-1957

அருமைத் தங்கைக்கு அண்ணன் ஐயனார் ஆசி கூறி எழுதியது.

நான் சௌக்கியம். என் முழங்காலை நீ தனியாக விசாரித்ததில் அதற்கு ரொம்பப் பெருமை. இரண்டு நாளாக இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உன் மதினி முத்துமாரியம்மாளும் சௌக்கியம். அவள் சௌக்கியமாக இருப்பதற்கு அடையாளம் என்னைத் திட்டுவது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தாள், இதை எழுதும்வரை மூச்சு விடவில்லை.

மலையேறிய கதையைக் கேள். கார்த்திகையன்று ஊரே நெரிந்தது. எத்தனை படி என்று கேட்காதே. நான் படியை எண்ணவில்லை, மிச்சமிருக்கிற மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு மயில் தோகை விரிக்கப் போனது, என்னைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டது. இவ்வளவு பெரிய உருப்படி ஆடி ஆடி வரும்போது நமக்கென்ன வேலை என்று நினைத்திருக்கும். பின்னால் வந்த ஒரு பெண்பிள்ளை, "பெரியவரே, ஓரமா ஏறுங்க, உருண்டா எங்க குடும்பமே காலி" என்றாள். சாமி முன்னால் நின்று மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். செவந்தி பேரையும் சொன்னேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

இருபது சுருட்டு. மஞ்சள் துணியில் சுற்றி, புதுக்கோட்டை பஸ் கண்டக்டர் பிச்சைமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். அவன் அறந்தாங்கி பஸ்ஸில் மாற்றிவிடுவான். மாப்பிள்ளை குளித்து, விபூதி பூசி, கிழக்கே பார்த்து நாளுக்கு ஒன்று பிடிக்கட்டும். வாடை கொஞ்சம் புதுசாக இருக்கும், ஈரச் சாக்கில் வெல்லம் கட்டி வைத்தது போல. சந்நிதியில் இருந்தது, அப்படித்தான் இருக்கும்.

"மலை ஏறுன மனுசன் வேட்டியில ஒரு பொட்டு அழுக்கில்ல, அதையும் எழுதுங்க" என்கிறாள் உன் மதினி. அவள் பேச்சை விடு.

ராசாத்திக்கு முத்தம் கொடு. மீசை குத்தாமல் நீ கொடுப்பதே நல்லது.
ஐயனார்


கோட்டைப்பட்டினம்
2-1-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை எல்லாரும் என்று எழுதுகிறேன் பாருங்கள்.

முதல் மூன்று நாள் இருமிக்கொண்டே பிடித்தார். நாலாம் நாள் சுருட்டு முடித்து முற்றத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். "உண்ணாமலை, இன்னிக்கு வெயிலு மஞ்சளா இருக்குல்ல" என்றார். குழவி என் கையோடு நின்றுவிட்டது. என் பெயரை அவர் வாயால் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வெயில் எப்போதும் போலத்தான் இருந்தது. "ஆமாங்க, மஞ்சளாத்தான் இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து பேச்சுத்தான். ராசாத்தியோடு சோழி விளையாடுகிறார், தோற்றால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டு சந்தனமேரி எட்டிப் பார்த்து, "வாத்தியாரா சிரிக்கிறாரு? நெசமாவா?" என்று கன்னத்தில் கை வைத்தாள். அவள் புருசன் சவரியப்பன் படகை விட்டு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

சுருட்டு தீர்ந்துவிட்டது. தீர்ந்து இரண்டு நாளாகப் பேச்சு குறைகிறது. நீங்கள் மறுபடி மலையேற வேண்டும் அண்ணா. உங்கள் காலைப் பார்த்து நான் இரக்கப்படவில்லை, மன்னிக்கவும்.

இன்னும் ஒன்று எழுத வந்தேன். வேண்டாம். அது இருக்கட்டும்.

மலைக்குப் போகும் உங்கள் காலுக்கு என் கும்பிடு.
உண்ணாமலை


விராலிமலை
17-1-1958

அருமைத் தங்கைக்கு,

பொங்கல் நன்றாக ஆயிற்றா? இங்கே பால் பொங்கியது, அடுப்பை அணைத்தது, உன் மதினி பொங்கினாள். எல்லாரும் சௌக்கியம்.

உன் கடிதத்தைக் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை சிரித்தார் என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சோடாக் குடித்துச் சமாளித்தேன், சொந்தச் சோடா. ஹெட் கான்ஸ்டபிள் உடையப்பன், "ஐயனாரு, மலையேறி வந்த ஒங்க காலத் தொட்டுக் கும்பிடணும்யா" என்றார். வேண்டாம் என்று காலை மடக்கிக்கொண்டேன். கூச்சமாக இருந்தது.

இந்தத் தடவை அறுபது அனுப்பியிருக்கிறேன். அடிக்கடி ஏற முடியாதல்லவா. 

ஊர்ச் செய்தி வேண்டுமா? மதுவிலக்கு வந்ததிலிருந்து நம் ஆட்கள் எதை எதையோ குடித்துப் பார்க்கிறார்கள். மேலத்தெரு தச்சன் மேசைக்கு வாங்கிய வார்னிஷில் பாதி மேசைக்கு, பாதி அவனுக்கு. இரண்டும் பளபளவென்றுதான் இருக்கின்றன; மேசை மட்டும் நேராக நிற்கிறது. இஞ்சி மருந்து என்று ஒரு பாட்டில் வருகிறது, அதைக் குடித்தவன் மாமனாரை மைத்துனன் என்று கூப்பிடுகிறான். இன்னதென்று தெரியாததை எப்படித்தான் வாயில் வைக்கிறார்களோ! இந்த ஊரிலேயே சுத்தமான வாய் என்னுடையதுதான், பேசாமல் இருக்கும்போது.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அவர் பதில் சொல்வார் என்பதே எனக்குப் பொங்கல்.
ஐயனார்


கோட்டைப்பட்டினம்
9-2-1958

அண்ணனுக்கு,

உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கு எப்படியென்று நீங்கள்தான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

முருகன் இவர் மேல் இறங்கியிருக்கிறான் என்கிறார்கள். எட்டரை மணிக்குச் சுருட்டு முடித்தால் கண் மாறிவிடுகிறது. கருமணி பெரிதாகி வெள்ளையே தெரிவதில்லை. உங்கள் பெயர்கொண்ட சாமிக்குக் கோயிலில் எழுதியிருக்கும் கண் மாதிரி. நாக்கு வறள்கிறது, ஒரு குடம் தண்ணீர் குடிக்கிறார். சுவரோடு பேசுகிறார். போன வாரம் பள்ளிக்கூடத்தில், "கடல் உள்ள வந்துருச்சு, எல்லாரும் பெஞ்சு மேல ஏறுங்கடா!" என்று சத்தம் போட்டு நாற்பது பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாராம். ஒவ்வொருவன் மணிக்கட்டையும் கொடிக் கயிற்றால் அடுத்தவன் மணிக்கட்டோடு கட்டியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தபோது தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இவர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி கையால் துழாவித் துழாவி நடந்தாராம். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

தெருவில் சொல்கிறார்கள், சாமி வந்தவருக்கு ஊரார் பார்க்காதது தெரியும் என்று. இரண்டு பேர் வந்து விபூதி வாங்கிப் போனார்கள். இவர் இப்போது நாளுக்கு இரண்டு சுருட்டு கேட்கிறார். பிரசாதத்தை எப்படி இல்லையென்பது?

நீங்கள் சந்நிதியில் நின்று வாங்கியவர். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

மதினிக்கு என் அன்பு.
உண்ணாமலை


விராலிமலை
16-2-1958

தங்கை உண்ணாமலைக்கு,

நாங்கள் சௌக்கியம். எனக்கு மட்டும் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் மதினி, "கருவாட்டுக் குழம்ப வேணாம்னு சொல்ற ஐயனார நான் பாத்ததேயில்ல" என்கிறாள்.

ஊர்ச் செய்தி ஒன்று. சந்தையில் சேவுகன் என்று எங்கிருந்தோ வந்த சுருட்டுக்காரன் ஒருத்தன் கார்த்திகையிலிருந்து கடை போட்டிருந்தான். லாரி டிரைவர் ரத்தினவேல் போன வியாழக்கிழமை அவனிடம் ஒரு கட்டு வாங்கி, என் கடை வாசலிலேயே நின்று இரண்டு பிடித்தான். அப்புறம் ரோட்டோர மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா, ஒங்க மகள நான் அடிக்கல மாமா" என்று ஓவென்று அழுதான். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மத்தியானம் லாரியை எடுத்துப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டான். உயிர் இருக்கிறது, வலது கால் இல்லை. சேவுகன் மறுநாளே கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. 

வேறு ஒரு விஷயம். பிரசாதச் சுருட்டுக்கு ஒரு நியமம் உண்டு, சொல்ல மறந்துவிட்டேன். மாசி பிறந்தால் அதைப் பிடிக்கக் கூடாது. முருகன் மாசியில் சுருட்டு ஏற்பதில்லை. மிச்சமிருப்பதைக் கடலில் போட்டுவிடு. அடுப்பிலே போடாதே, புகை வரும். கடலில் போடு. உடனே போடு. பெரியவர்கள் சொன்னது, நான் கற்பனை செய்யவில்லை.

"இதுக்கு நேராவே எழுதிரலாமே" என்று உன் மதினி தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். அவளுக்கு நியமம் தெரியாது.

மாசி பிறந்துவிட்டது என்பதை மறக்காதே.
ஐயனார்


கோட்டைப்பட்டினம்
4-3-1958

அண்ணா,

சுகம் கேட்க நேரமில்லை. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு ராசாத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார். "செவந்தி அங்க தனியா நிக்கிறா, கூட்டியாரணும்" என்று சொல்லிக்கொண்டே போனாராம். ராசாத்தி விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறாள். அவர் தலை முங்கின பிறகுதான் பிள்ளை கத்தியிருக்கிறது. சவரியப்பன் படகிலிருந்து குதித்து அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். இவரைத் தூக்க மூன்று பேர் ஆனது. இன்னாசி டாக்டர் வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறோம்.

பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. பேசவில்லை.

வாருங்கள்.
உண்ணாமலை


கோட்டைப்பட்டினம்
12-3-1958

ஸ்ரீ ஐயனார் அவர்களுக்கு டாக்டர் இன்னாசி வணக்கம் தெரிவித்து எழுதுவது.

தாங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கள் தங்கை கணவர் ஆத்மநாதன் வாத்தியார் விஷயமாக அவசரமாக ஒரு தகவல் வேண்டும்.

ஊரார் சாமி என்கிறார்கள். அவருடைய அண்ணன்மார் பைத்தியம் என்கிறார்கள். பங்குனி முடிவதற்குள் சங்கிலி போட்டு வைக்கிற இடத்தில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அதற்குள் நான் சான்றிதழ் தராவிட்டால் வேலை போகும். சாமி, பைத்தியம் இரண்டிலும் எனக்கு நம்பிக்கையில்லை. பைத்தியம் கடிகாரம் பார்த்து வராது. இவருக்குக் காலை எட்டரைக்கு வருகிறது, மத்தியானம் தூக்கத்தில் போகிறது. என் வீட்டில் மூன்று நாள் வைத்திருந்தேன். முதல் நாள் சுவரில் மீன் பிடித்தார். இரண்டாம் நாள் நடுங்கினார். மூன்றாம் நாள் தெளிவாக எழுந்து, "டாக்டர், என் பிள்ளைய நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். நான் இந்தத் தொழிலில் அழுவதில்லை. அனுப்பி வைத்தேன். வீட்டுக்குப் போன மறுநாள் எட்டரைக்குப் பழையபடி ஆகிவிட்டது.

ஆகவே, அந்த வீட்டுக்குள் ஏதோ அவர் உடம்பில் சேர்கிறது. மருந்தா, லேகியமா, இலையா, விதையா, தெரியவில்லை. தெரியாமல் மருந்து கொடுக்க எனக்குப் பயம். ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றுக்கு விஷம். தங்கள் தங்கையிடம் மூன்று தடவை கேட்டேன். "எதுவும் சாப்பிடுறதில்லைங்க, காப்பிகூட இல்லைங்க" என்கிறார். தங்களுக்கு ஏதேனும் தெரியுமா? தங்கள் ஒரு வரி அவரைச் சங்கிலியிலிருந்து காப்பாற்றும்.

தங்கள் பதிலை நாள்தோறும் எதிர்பார்க்கும்,
இன்னாசி


கோட்டைப்பட்டினம்
19-3-1958

அண்ணனுக்கு,

டாக்டருக்கு நீங்கள் பதில் எழுதவில்லையாம். நீங்கள் எழுதாமல் இத்தனை நாள் இருந்ததில்லை. சுகம்தானா? ராசாத்தி நேற்று ஒரு வார்த்தை பேசினாள். தண்ணீர் என்றாள். குடிக்கக் கேட்டாளா, பயந்து சொன்னாளா தெரியவில்லை.

உண்ணாமலை


விராலிமலை
27-3-1958

உண்ணாமலைக்கு,

சௌக்கியம் என்ற சொல்லை எழுதி அடித்துவிட்டேன், பார். டாக்டருக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன்.

நான் மலையேறவில்லை. கார்த்திகையன்று அடிவாரம்வரை போனேன். கூட்டத்தைப் பார்த்தேன், படியைப் பார்த்தேன், என் காலைப் பார்த்தேன். சந்தை ஓரத்தில் சேவுகன் சுருட்டுக் குவித்து வைத்திருந்தான். சுருட்டு சுருட்டுத்தானே என்று நினைத்துவிட்டேன். கடையிலிருக்கும் பிள்ளையார் படத்து விபூதியை அதன்மேல் தூவி, மஞ்சள் துணியில் முடிந்தேன். மயில், பெண்பிள்ளை, சந்நிதியில் நின்றது எல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. செவந்தி பேரைச் சொன்னபோது பேச வரவில்லை என்றது மட்டும் நிசம். அதை எழுதும்போது மேலே எழுத வரவில்லை. இரண்டாவது தடவையும் சேவுகனிடம்தான். ரத்தினவேல் மைல்கல்லைக் கட்டிக்கொண்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மாசி நியமம் என்று ஒன்று கிடையாது. "போலிப் பிரசாதம் அனுப்பினேன்" என்று எழுதக் கூசியது. அதற்குப் பதிலாக ஒரு பொய்ச் சாமிச் சட்டம் போட்டேன். 

டாக்டர் கடிதம் வந்த பிறகும் ஏன் எழுதவில்லை என்று கேள். உனக்கு வாங்கிய கட்டிலிருந்து இரண்டு சுருட்டை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். உனக்கு அனுப்பும் பிரசாதத்திலும் கமிஷன். அதில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் குற்றவாளியில்லை அல்லவா? அந்த ஆசை.

காலை பத்து மணி. முதலில் நாக்கு வறண்டு அட்டையாயிற்று. அப்புறம் சோடா பாட்டில் கழுத்துக்களில் இருக்கும் கோலிகள் எல்லாம் கண்ணாகித் திரும்பின. அறுபது பாட்டில், அறுபது கண். ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டேனாம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்புக் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலை இல்லை. என் கடை வாசலில் நிற்கிறது. படி, மரம், மயில் எல்லாவற்றோடும் வந்து குனிந்து, "நீ வரல, நான் வந்தேன்" என்றது. உண்ணாமலை, நான் ஆயிரம் வேடிக்கை எழுதியவன். அந்த நேரத்தில் அது வேடிக்கையில்லை. இந்தப் பேனா எவ்வளவு நிசமோ அவ்வளவு நிசம். ஓடினேன். வந்துகொண்டிருந்த மதுரை பஸ் பிரேக் போட்டு என் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. உன் மதினி தன் சேலையால் என்னைத் தூணோடு கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, "அந்தப் புள்ள ஊட்டுக்கு இதையா அனுப்புனீங்க? இதையாங்க அனுப்புனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரே ஒரு சுருட்டு. மாப்பிள்ளைக்கு மூன்று மாசம்.

தெளிய நாலு நாள் ஆனது. மிச்ச நாட்கள் வெறும் கோழைத்தனம், அதற்குச் சுருட்டைக் குற்றம் சொல்ல முடியாது. 

அதில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன். உடையப்பன் கஞ்சா என்கிறார். நாட்டு வைத்தியர் ஊமத்தை விதை என்கிறார். சந்தையில் சேவுகனுக்குப் பக்கத்தில் பாய் விற்றவன், "அவனே எவன்கிட்டயோ மூட்டையா வாங்கினான், அவனுக்கே தெரியாது" என்கிறான். மிச்சமிருந்த ஒன்றை உன் மதினி அன்றே குழி தோண்டிப் புதைத்து, அதன்மேல் அம்மிக்கல்லைப் போட்டுவிட்டாள். டாக்டருக்கு வேண்டுமென்றால் தோண்டலாம் என்றால், "கிட்ட வந்தா ஒங்களையும் சேத்துப் பொதைச்சிருவேன்" என்கிறாள்.

இனி ஒன்றுகூட அவர் வாயில் படக் கூடாது. என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல். 

நேரில் வர முகமில்லாத,
ஐயனார்


கோட்டைப்பட்டினம்
21-4-1958

அண்ணனுக்கு உண்ணாமலை எழுதியது.

வருஷம் பிறந்தது. உங்கள் சுகத்துக்கும் மதினி சுகத்துக்கும் வேண்டிக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து டாக்டர் அவரைப் பதினைந்து நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்றின் புகையால் வந்த மனமயக்கம், பைத்தியம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வேலை தப்பியது. அவருடைய அண்ணன்மார் சங்கிலிப் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயம். அவர் மறுபடி பேசுவதில்லை. குளிக்கிறார், பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார். தட்டை நகர்த்துகிறார். குணமாகிவிட்டது என்கிறார் டாக்டர்.

உங்களைத் திட்டி எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் மலையேறவில்லை என்று எனக்கு முதல் கடிதத்திலேயே சந்தேகம். நம் வீட்டு மச்சுப்படி ஏறவே ஆளைக் கூப்பிடுகிறவர் நீங்கள். மாசிக் கடிதத்தில் சந்தேகமும் போய்விட்டது. ரத்தினவேல் கதையை எழுதி, அடுத்த பாராவிலேயே நியமத்தை எழுதினீர்கள். நான் ஆறாம் வகுப்புத்தான். ஆனாலும் உங்கள் கூடப் பிறந்தவள்.

அன்று பதினெட்டுச் சுருட்டு மிச்சமிருந்தது. கடலில் போடவில்லை. தீர்ந்துவிடக் கூடாதென்று நாள் விட்டு நாள் ஒவ்வொன்றாக நானே பற்றவைத்துக் கொடுத்தேன்.

மார்கழியில் எழுத வந்து விட்டுவிட்டேனே, அது இதுதான். அவர் பேச ஆரம்பித்த ஏழாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவர், "செவந்திக்கு எலை போடு" என்றார். போட்டேன். "ரசத்துல உப்பில்லைங்கிறா" என்றார். உப்புப் போட்டேன். மறுநாள் தலை சீவச் சொல்கிறாள் என்றார். இல்லாத தலைக்கு எண்ணெய் தடவிச் சீவினேன் அண்ணா. எனக்கு அவள் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. அவர் பார்த்துச் சொன்னார், நான் செய்தேன். தண்ணீரில் கை எப்படி நழுவியது என்பதையும் அவள் சொன்னதாக அவர் சொன்னார். "ஒங்கைய நாந்தான் விட்டேன்ப்பா, நீங்க விடல" என்றாளாம். அதைக் கேட்ட பிறகு நான் எப்படி அந்தக் கட்டைக் கடலில் போடுவேன்?

ராசாத்தி கடலில் முங்கியது என் குற்றம். அன்று காலையும் தீக்குச்சி கிழித்தது நான். அதற்கு அப்புறமாவது விட்டேனா? டாக்டர் வீட்டிலிருந்து அவர் தெளிந்து வந்த மறுநாள், ராசாத்தியைச் சந்தனமேரி வீட்டில் விட்டுவிட்டு, கதவைத் தாழ்போட்டு, மறுபடி கொடுத்தேன். டாக்டர் மூன்று தடவை கேட்டபோது எதுவும் சாப்பிடுவதில்லை என்றேன், சுருட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். அதுவும் நீங்கள் டாக்டருக்கும் எழுதிவிட்டதால்.

ராசாத்தி இப்போது பேசுகிறாள். அவருக்குச் செவந்தி வந்ததும் போனதும் நினைவில்லை. எனக்கு மட்டும் நினைவிருக்கிறது.

டாக்டர் பரிசோதனைக்கு மதராசுக்கு அனுப்ப ஒரு சுருட்டு கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. ஒன்று இருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பினேன். இனி அவர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

இன்று காலை அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, கிழக்கே பார்த்து நான் உட்கார்ந்திருந்தேன். கையில் தீப்பெட்டி இருந்தது. ராசாத்தி வந்து பசிக்கிறது என்றாள். எழுந்துவிட்டேன்.

பதில் எழுத வேண்டாம் அண்ணா. பஸ் ஏறுங்கள்.

உண்ணாமலை